வாடகை விரல்

மே 2, வியாழன். சுக்ரே

நாலு விமானம் மாறி, இரண்டு நாள் ஒரே சட்டையோடு, பொலிவியா தேசத்தில் சுக்ரே என்கிற வெள்ளைவெளேர் ஊரில் வந்து விழுந்தோம். ‘விழுந்தோம்’ என்று நான் எழுதுவது பேச்சுக்கு. அப்பா நிஜமாகவே விழுந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்த அவசரத்தில் பெட்டி வண்டி மேலேயே கவிழ்ந்தார்.

அம்மாவைப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. முடியைக் கழுத்து வரை வெட்டியிருக்கிறாள். கட்டிக்கொண்டபோது வேறு ஏதோ சோப்பு வாசனை.

“என்னடி, இப்படி வளந்துட்டே!”

“நான் வளரல. நீதான் சுருங்கிட்டே. எப்பப் பாத்தாலும் தண்ணியிலயே கெடந்தா அப்படித்தான்.”

அம்மாவுக்கு வேலையே தண்ணீர்தான். பெயர் ரெஜினா, படிப்பு வேதியியல். இங்கிருந்து மூன்று மணி நேரம் மேலே ஏறினால் பொத்தோசி என்று ஒரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கத்திலிருந்து ஒழுகுகிற தண்ணீரில் என்னென்ன விஷம் இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சியில் ஒரு வருட வேலை. அது முடியப் போகிறது. இன்னும் மூன்று வருடம் இருங்கள், குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மே 15க்குள் பதில் சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஊர் பதின்மூன்றாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று கஞ்சன்.

“ரெண்டு பேரும் ஒரு வாரம் தாங்கினாத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்றாள் அம்மா. “இல்லாட்டி பெட்டியக் கட்டிக்கிட்டு உங்களோடவே வந்துடுவேன். எனக்கு வேலை ஒண்ணும் பெரிசில்ல.”

வேலை பெரிசில்லை என்றபோது மூக்கைச் சொறிந்தாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. வீட்டில் அந்தத் திறமை எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான்.

அப்பா பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன்னால், எங்கள் ஊர் தங்கவயலில், ஒரு கான்ட்ராக்டரிடம் நாலு வருடம் சுரங்கத்துக்குள் வேலை. “பத்தாயிரம் அடி கீழ எறங்குனவனுக்கு பதிமூணாயிரம் அடி மேல ஒரு மேட்டரா? கழிச்சுப் பாரு, மூணாயிரந்தான்” என்கிறார். கழித்துப் பார்க்க இது வங்கிக் கடனா? பெயர் வேறு ஆரோக்கியநாதன். அந்தத் தலைக்கனம்.

எனக்கு எது நடந்தாலும் சரிதான். பதினொன்றாம் வகுப்பில் சேர பி.யூ.சி. விண்ணப்பத்தைப் பையில் கொண்டுவந்திருப்பது, அதில் தாயார் கையொப்பம் என்று ஒரு கட்டம் காலியாக இருப்பதால். வேறு காரணம் இல்லை.

மே 4, சனி. சுக்ரே

நாலு நாள் இங்கேயே இருந்து உயரத்துக்குப் பழக வேண்டுமாம். அப்பா பழகிவிட்டார். விடுதியின் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார், அம்மா பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும்.

மே 6, திங்கள். பொத்தோசி

வந்தாயிற்று. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் அந்தக் கோடியில் செம்பு நிறத்தில் ஒரு கூம்பு மலை நிற்கிறது. பெயர் செர்ரோ ரீக்கோ, பணக்கார மலை. நானூற்றெழுபது வருடத்துக்கு மேல் தோண்டுகிறார்கள். ஸ்பெயின் அரசர்கள் வெள்ளியை வாரிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை ஊர்க்காரர்கள் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊரில் எல்லாரும் மூச்சு வாங்குகிறார்கள். விற்கிறவரைத்தான் காணோம்.

அம்மா மாடியில் குடியிருக்கிறாள். கீழே வீட்டுக்கார அம்மாள் தோன்யா பசிலியா: இரட்டைப் பின்னல், வட்டத் தொப்பி, ஏழெட்டுப் பாவாடை. ‘தோன்யா’ என்பது மரியாதைக்கு. சுரங்கக்காரர்கள் சந்தையில் கடை வைத்திருக்கிறார். நான் நெஞ்சைத் தொட்டு “மினா” என்று பெயரைச் சொன்னதும் தொப்பி விழுகிற மாதிரி சிரித்தார். ஸ்பானிஷில் மினா என்றால் சுரங்கமாம். ஃபிலோமினா என்று ஞானஸ்நானத்தில் வைத்ததை யார் சுருக்கச் சொன்னது?

“ஊர்ல எல்லாரும் சுரங்கத்துக்குப் போயி தங்கம் எடுத்தாங்க” என்றார் அப்பா. “நான் மட்டும் சுரங்கத்தையே பெத்து வச்சிக்கிறேன்.” சொல்லிவிட்டுப் படியின் நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைத் தடவினார். “இன்னா பூச்சு பாரு. வழவழன்னு கீது.”

பத்தொன்பது படி. மூன்று இடத்தில் பூச்சைப் பாராட்டினார்.

வீட்டில் மூன்று நாற்காலி. ஒன்று பழசு. இரண்டு புதுசு, காலில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை.

மே 7, செவ்வாய்

சமையலறைச் செய்தி முதலில். ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பார்ப் பொடிப் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஊசியால் குத்தினேன். இப்போது எனக்கும் சுவருக்கும் ஒரே நிறம். பருப்புக்கு வழக்கம் போல நாலு விசில் விட்டார் அப்பா. கல் மாதிரி இருந்தது. இங்கே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுமாம், ஆனால் சூடு பத்தாதாம். என் கணக்கு வாத்தியார் மாதிரி.

இனி முக்கியச் செய்தி.

அம்மா காலை ஐந்தரைக்கே ஜீப்பில் ஓடைப் பக்கம் போய்விடுகிறாள். ஏழு மணிக்கு நாங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். குளிர்பதனப் பெட்டி மேல் அட்டவணை ஒட்டியிருக்கிறாள்: அப்பாவுக்கு ஏழு கட்டம், எனக்கு ஏழு கட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு எண்பத்தைந்து வந்தால் நல்ல மார்க். எண்பதுக்குக் கீழே போனால் ஃபெயில்.

எனக்கு 88. அப்பாவுக்கு 76.

“மெஷினு கெட்டுப் போச்சு” என்றார். கையைத் தேய்த்துச் சூடாக்கினார். 76. மற்றக் கையில் மாட்டினார். 75. எழுந்து நின்றார். உட்கார்ந்தார். ஜன்னல் வழியே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மினா கண்ணு, உன் விரலக் கொஞ்சம் குடேன்.”

“எதுக்கு?”

“ஒரு நாள்தான். நாளைக்கி ஒடம்பு தானா சரியாயிடும். அம்மா இத்தப் பாத்தான்னா இன்னிக்கே வேலைய வுட்டுடுவா. என்னாலயா அவ வேலை போவணும்?”

அம்மாவையே ஏமாற்றுவது! என் வாழ்நாளில் இவ்வளவு உயரமான இடத்தில் இதுவரை குறும்பு செய்ததில்லை. கொடுத்தேன். ஒரே எண் வந்தால் சந்தேகம் வரும் என்று இருபது எண்ணுகிற வரை மூச்சை அடக்கினேன். 85. மூச்சை விட்டால் நான், அடக்கினால் அப்பா.

சாயங்காலம் அம்மா கையுறையைக் கூடக் கழற்றாமல் அட்டவணையில் எழுதினாள். “எண்பத்தஞ்சா! ஏங்க, நீங்க கெட்டியான ஆள்தாங்க.”

“பின்ன, நம்ம ரத்தம் இன்னா ரத்தம்” என்றார் அப்பா. அது என் ரத்தம்.

மே 8, புதன்

‘ஒரு நாள்தான்’ இன்று இரண்டாம் நாளாகத் தொடர்ந்தது. அப்பாவுக்கு 74.

தொழில் என்று வந்துவிட்டால் சுத்தமாகச் செய்ய வேண்டும். அப்பாவின் ஆள்காட்டி விரலில் லிஃப்ட் கம்பி வெட்டிய தழும்பு உண்டு. பேனாவால் வரைந்தேன். நிறத்துக்குக் காப்பித்தூள். கல்யாண மோதிரம் என் கட்டைவிரலுக்கே பெரிசு. உள்பக்கம் நூல் சுற்றி மோதிர விரலில் மாட்டினேன். விரல் முதுகில் இருக்கிற ரோமத்துக்குச் சீப்பில் இருந்ததை நறுக்கிப் பசை போட்டு ஒட்டினேன். பார்த்துவிட்டு அப்பாவே, “ஐயோ, என் கை” என்றார்.

அம்மா பதில் அனுப்பினாள்: ‘அப்பா கை வறண்டு கெடக்கு. தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொல்லு.’

தேய்த்தால் அப்பா உதிர்ந்துவிடுவார்.

மத்தியானம் பழைய நாணயச் சாலையைப் பார்க்கப் போனோம். ஒரு காலத்தில் இங்கே வெள்ளியை நசுக்கித் தகடாக்குகிற ராட்சத மரச் சக்கரங்களைக் கோவேறு கழுதைகள் சுற்றி வந்து இழுத்தனவாம். இந்த உயரத்தில் அவற்றுக்கு யார் போட்டோ எடுத்து அனுப்பினார்களோ.

தெருவில் எட்டு அடிக்கு ஒரு முறை அப்பா நின்றார். நின்றதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

“இந்தக் கதவப் பாரு மினா. இன்னா மரம்! எத்தன நூறு வருசம் இருக்கும்!”

“அப்பா, இது பிளைவுட்.”

“பிளைவுட்லயும் நல்லதுன்னு ஒண்ணு கீதுல்ல.”

நாணயச் சாலையின் முற்றத்து வளைவில் பெரிய முகம் ஒன்று தொங்குகிறது. திராட்சைக் கொடி சுற்றி, பல்லெல்லாம் தெரிய இளிக்கிறது. அது யார் முகம், எதற்கு இளிக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அதற்குக் கீழே பெஞ்சில் அப்பா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் இருமிக்கொண்டிருந்தார்.

“தூசி” என்றார்.

மே 9, வியாழன்

அப்பா 71. நான் போட்ட அப்பா 86.

சாயங்காலம் அம்மா, “இப்ப ஒருக்கா பாத்துடலாங்க, கை குடுங்க” என்று ஆக்சிமீட்டரை எடுத்தாள். நான் அதற்குள் பேட்டரியை உருவி என் காலுறைக்குள் போட்டிருந்தேன். அம்மா தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். “சரி, காலைல அளக்கறதுதானே கணக்கு” என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேட்டரி ராத்திரி முழுக்கக் குதிகாலில் குத்தியது.

இன்னொரு விஷயம். அம்மா இங்கே சீட்டி அடிக்கிறாள். பாத்திரம் கழுவும்போது, படி ஏறும்போது. வீட்டில் ஒரு நாளும் அடித்ததில்லை. தோன்யா பசிலியா கீழேயிருந்து அதே மெட்டில் பதில் சீட்டி அடிக்கிறார். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குப் புரியாத மொழியில் என் அம்மா ஜோக் அடிக்கிறாள், அது நல்ல ஜோக்காகவும் இருக்கிறது போல.

விண்ணப்பத்தை நீட்டினேன். “இப்ப எதுக்குடி? அப்பா இவ்ளோ நல்லாத் தாங்கறார். நீ இங்கயே படிக்கற மாதிரி ஆகும்” என்று பெட்டி மேல் வைத்துவிட்டாள்.

தூங்கப் போகிறேன்.

மே 10, வெள்ளி

வெள்ளி மலையில் வெள்ளிக்கிழமை. சுரங்கத்துக்குள் ‘தீயோ’ என்று ஒரு கொம்பு வைத்த சாமி உட்கார்ந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமையானால் அதற்கு, இங்கே வெற்றிலை மாதிரி மெல்லுகிற கோகா இலையைத் தூவி, வாயில் சிகரெட் வைத்து, சாராயம் ஊற்றுவார்களாம். எங்கள் ஊர் முனீஸ்வரனுக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம்.

காலையில் தோன்யா பசிலியாவின் கடைக்குப் போனோம். கோகா இலை, சோடா, தலைக்கவசம், டைனமைட், எல்லாம் ஒரே பலகையில், மளிகைக் கடை மாதிரி. சுரங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு இவற்றில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவது இங்கே மரியாதை. நாம் பழம் வாங்கிக்கொண்டு போவதில்லையா, அப்படி.

தோன்யா பசிலியா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பிறகு சுக்ரே போகும் சாலையைக் கையால் காட்டினார், கீழே, கீழே என்று.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாதது வசதியாக இருந்தது.

திரும்பி வரும்போது பத்தொன்பது படியில் ஏழாவதில் அப்பா உட்கார்ந்துவிட்டார். பாராட்ட எதுவும் இல்லை போலிருக்கிறது, கதை சொல்ல ஆரம்பித்தார். சுரங்கத்தில் அவர் கூட்டாளிகளுக்கு வருடா வருடம் நெஞ்சுப் பரிசோதனை. இளைப்பு இருந்தால் மேலே அனுப்பிவிடுவார்கள், கூலி பாதி. அதனால் இளைப்பு இருக்கிறவன் தன் பெயரில் நல்ல நெஞ்சுக்காரன் ஒருவனை வரிசையில் நிறுத்துவானாம். அதற்கு ‘நெஞ்சு கொடுப்பது’ என்று பேராம்.

“நான் ஆறு பேருக்குக் குடுத்திருக்கேன்” என்றார். “டாக்டரு, ‘சபாஷ்’ன்னு முதுகுல தட்டுவாரு. ஆறு சபாஷ்.” சொல்லும்போது மூன்று முறை நிறுத்தி மூச்சு எடுத்தார்.

இன்று 68.

சாயங்காலம் அம்மா குதித்துக்கொண்டு வந்தாள். நாளைக்கு அரை நாள் வேலைதான். பத்து மணிக்குச் சந்தையில் பரிசுச் சாமான் வாங்கிக்கொண்டு நேரே சுரங்க வாசலுக்கு வந்துவிடுவாள். நாங்கள் டாக்சியில் போய்ச் சேர வேண்டும். சுரங்க வாசல் இன்னும் மேலே. “இருபத்திமூணு வருசம் கழிச்சு உள்ள போப் போறீங்க” என்று அப்பாவின் கன்னத்தைக் கிள்ளினாள். அப்பா இருமலை அடக்கிக்கொண்டு சிரித்தார். அது நாணயச் சாலை முகம் மாதிரியே இருந்தது.

சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சொன்னால் யாருக்கு லாபம் என்று அடுத்த யோசனை வந்தது. நோட்டை மூடுகிறேன்.

மே 12, ஞாயிறு. சுக்ரே, ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு வழக்கம் போல என் விரலை அனுப்பினேன். 87. மூச்சைச் சரியாக அடக்கவில்லை. கவனம் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார். நான் பல் தேய்த்து, தலை வாரி, போர்வை மடித்து முடித்தேன். இன்னும் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, மணப்பெண் அலங்காரமா?”

“லேசு சிக்கிக்கிச்சு.”

அப்பாவின் ஷூவில் லேஸே கிடையாது.

பக்கத்தில் போனேன். அவர் மூச்சுக்குள்ளே கூழ் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். உதடு நாவல் பழம் தின்ற நிறம். ஆக்சிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். விரலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அதற்குக் கூடப் பலம் இல்லை.

59.

“அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு. டாக்சி வந்துடும்.”

“அப்பா, நீ நெஞ்சு குடுத்தியே, அந்த ஆறு பேரு. இப்ப எங்க இருக்காங்க?”

ஷூவையே பார்த்தார்.

“சவேரி கீறான்.”

“மீதி அஞ்சு பேரு?”

சத்தம் மட்டும் கொதித்தது.

குழாயடியில் போய்க் கையைக் கழுவினேன். காப்பித்தூள், மை, பசை, ரோமம் எல்லாம் ஓடியது. ஐஸ் தண்ணீர். தழும்பு போகவில்லை, நகத்தால் சுரண்டினேன். பிறகு அப்பாவின் விரலை என் கையில் வைத்து, இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘இதுதான் அப்பா. செவ்வாய்லேர்ந்து அனுப்பினதெல்லாம் நான்.’

ஒரு ஸ்மைலி கூடப் போடவில்லை.

அம்மா சந்தையிலிருந்து ஓடி வந்தாள். அந்தத் தெருவில் இதுவரை யாரும் ஓடி நான் பார்க்கவில்லை. பின்னாலேயே தோன்யா பசிலியா, ஏழெட்டுப் பாவாடையோடு. இரண்டு பேரும் அப்பாவைத் தூக்கினார்கள். எங்களுக்காகப் பேசி வைத்த டாக்சி வாசலில் நின்றது. பக்கத்து மருத்துவமனையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி, “நுரையீரலில் நீர். உடனே கீழே இறக்குங்கள்” என்றார்கள். டாக்சி மலையை விட்டுத் திரும்பி சுக்ரே பக்கம் இறங்கியது.

பின்சீட்டில் அப்பா என் மடியில், சிலிண்டர் அம்மா மடியில். இரண்டாவது வளைவில் அம்மாவின் காலடியில் இருந்த துணிப்பை சரிந்து உள்ளே இருந்தவை உருண்டன. கோகா இலைக் கட்டு, இரண்டு சோடா, ஒரு டைனமைட் குச்சி. சுரங்கத்துக்குப் பரிசு. வந்த அவசரத்தில் பையை எங்கேயும் வைக்கத் தோன்றவில்லை. அதே நேரத்தில் டிரைவர் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகி லைட்டரைத் தேடினார்.

அம்மா ஸ்பானிஷில் போட்ட சத்தத்தில் ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த லாமாக்கள் திரும்பிப் பார்த்தன. டிரைவர் வண்டியை நிறுத்தி, குச்சியை எடுத்துப் பார்த்து, திரி தனியாக இருக்கிறது, வெடிக்காது என்று சைகையால் விளக்கினார். டிக்கியில் வைத்தார். சிகரெட்டைப் பற்றவைக்காமல் மூன்று மணி நேரமும் காதில் செருகியே ஓட்டினார்.

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அப்பா ஏதோ முனகினார். குனிந்தேன்.

“எறங்கறது... நமக்குப் பழக்கந்தானே.”

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சிலிண்டர் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 13, திங்கள். சுக்ரே

அப்பா 90. அசல் விரல். டாக்டர் சொன்னது: இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை. இனி அந்த உயரத்துக்கு அப்பா போகவே கூடாது.

அம்மா இன்று பேச ஆரம்பித்தாள். நேற்று பேசாமல் இருந்ததே தேவலாம்.

“கல்யாணமாகி பதினெட்டு வருஷம். ஒரு ஆஸ்பத்திரிச் சீட்ட மறைக்கல உங்ககிட்ட நான். நீங்க பொண்ண வச்சு எனக்கு நாடகம் போடறீங்க.”

“ரெஜி...”

“பேசாதீங்க, மூச்சு வாங்கும். உங்க அஞ்சு பேருக்கு அப்புறம் ஆறாவதா நான் உங்களக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கணுமா?”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. “நான் பாத்துப் பாத்து அதுல எழுதினேன்டி, ஒவ்வொரு கட்டமா.”

அப்பாவின் போர்வையை இரண்டு முறை சரிசெய்தேன்.

மத்தியானம் அம்மா லேப்டாப்பில் ஒரு கடிதம் அடித்துவிட்டு மூடினாள். வேலை வேண்டாம் என்று. அப்பா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். முதுகு அசைந்தது. இருமலாக இருக்கும் என்று எழுதிவைக்கிறேன்.

அம்மா வீட்டுக்கு வருகிறாள்.

காலையிலிருந்து அவள் ஒரு தடவையும் சீட்டி அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அடிக்கக் கூடாதுதான். வெளியே ரொட்டி வாங்கப் போனபோதும் அடிக்கவில்லை, பின்னாலேயே போய்க் கேட்டேன்.

மே 14, செவ்வாய். சுக்ரே

ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம், நானும் அம்மாவும். அப்பாவின் கால்சட்டை, என் காலுறை.

“மொத நாளே ஏன்டி சொல்லல?” என்றாள். கோபமாக இல்லை. களைப்பாக.

“சொன்னா நீ எங்களோட வந்துடுவே.”

“வரக் கூடாதா?”

“வரணும்” என்றேன். “அதான் சொல்லல.”

அம்மா துணி க்ளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“எனக்கு நீ வீட்டுக்கு வரணும்மா. ரொம்ப வரணும். அப்பாவ மாட்டிவிட்டா நீ வருவே. அதுக்காகத்தான் மாட்டிவிடறேன்னு ஆயிடுமேன்னு... அப்பா மூச்சு அப்படிக் கேக்கற வரைக்கும் அதையே யோசிச்சிட்டிருந்தேன். நான் கெட்டவளாம்மா?”

“லூசு” என்றாள். கட்டிக்கொண்டாள். சோப்பு வாசனை இந்தப் பன்னிரண்டு நாளில் பழகிவிட்டது. என் தலைமேல் கொஞ்சம் ஈரம் விழுந்தது, கால்சட்டை சொட்டியது என்று சொல்வதற்கில்லை, அதை அந்தப் பக்கம் போட்டிருந்தோம்.

“அந்தக் கடிதம் போயிடுச்சா?”

“நாளைக்குக் காலைலதான் அனுப்பணும்.”

“அனுப்பாத. மூணு வருஷம் வேணாம், ஒரு வருஷம் கேளு. அப்பாவ நான் பாத்துக்கறேன். அவரு பொய் சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். பாதிப் பொய்க்கு நாந்தான் கைவேலை.”

“உன்ன யாருடி பாத்துப்பாங்க?”

“அத நாம மூணு பேருமாப் பேசலாம். அப்பா ரூம்ல. ஒளிச்சு வைக்காம.”

பேசினோம். இரண்டு மணி நேரம். அப்பா முதல் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தே பேசினார். பிறகு திரும்பினார். கொஞ்சம் அழுகை, ஒரு ஆப்பிள், நர்ஸிடமிருந்து இரண்டு எச்சரிக்கை. கடைசியில் அப்பா, “ஒரு வருசம்னா ஒரு வருசந்தான். ஒரு நாள் கூடுனாலும் நானே நடந்து ஏறி வந்துடுவேன்” என்றார். அம்மா அவர் வாயைப் பொத்தினாள்.

மே 15, புதன்

அம்மா போனில் இருபது நிமிடம் பேசினாள். முழுக்க ஸ்பானிஷ். கடைசியில் ‘சரி’ என்று சொன்னது மட்டும் தமிழ், அவளுக்கே தெரியாமல்.

மே 17, வெள்ளி. சான்டா குரூஸ் விமான நிலையம்

காலையில் சுக்ரேயில் அம்மாவை விட்டுவிட்டு வந்தோம். அவள் பொத்தோசி பேருந்தில் ஏறினாள். ஜன்னல் கண்ணாடியை முழங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்பா கையசைத்தார். நான் மூக்கில் இரண்டு பென்சிலைச் செருகிக் காட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தபோதே பேருந்து கிளம்பிவிட்டது. அதற்காகத்தான் செருகினேன்.

அரை மணி நேர விமானம், மலையிலிருந்து சமவெளிக்கு. இறங்கியதும் காற்று வெந்நீர் மாதிரி கனமாக முகத்தில் வந்து மோதியது. அப்பா நெஞ்சு நிறைய இழுத்தார். நாற்காலி பிடித்துக் கொடுத்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். நான் குனிந்து இந்த நோட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தேன்.

“மினா, அழுவுறியா?”

“இல்லப்பா. ஆக்சிஜன் பத்தல.”

“இங்க நெறய கீது கண்ணு.”

“தெரியும்ப்பா.”